குதிக்காத கங்காரு

"தெரிஞ்சும் ஏம்மா என்னைக் குதிக்கச் சொன்னீங்க?" என்று என் மகள் கேட்டு இரண்டு வாரம் ஆகிறது.

அவளுக்கு எட்டு வயது. பள்ளி மாறுவேடப் போட்டிக்கு அவளே தேர்ந்தெடுத்த விலங்கு, ஆஸ்திரேலியாவில் பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன் அழிந்துபோன குட்டைமுக ராட்சதக் கங்காரு. ஆளைவிட உயரம், பின்பாதத்துக்கு ஒரே விரல். எலும்புகளை ஆராய்ந்தவர்கள், அது பெரும்பாலும் குதிக்காமல் நடந்திருக்கும் என்கிறார்கள். டத்தோ கிராமாட்டில் உள்ள எங்கள் வீட்டுக் கூடத்தில் ஒரு மாதம் நடந்து பழகினாள். அட்டைப்பெட்டியில் ஒற்றைவிரல் பாதம் வெட்டிக் கொடுத்தவள் நான்.

மேடையில் கிளையை இழுப்பதுபோல் கைகளை உயர்த்தி மெதுவாக நடந்தாள். போட்டியை நடத்திய டீச்சர் ஒலிவாங்கியில் சிரித்தார். "கங்காரு என்ன, பாசாருக்குக் காய் வாங்கப் போகுதா? குதிலா!"

"இது நடக்கும் டீச்சர்."

மண்டபமே சிரித்தது. டீச்சர் கூட்டத்தில் என்னைத் தேடிப் பிடித்தார். "ஏம்மா, நீ என்கிட்ட படிச்ச பிள்ளதானே? கங்காரு எப்படிப் போகும்னு மகளுக்குச் சொல்லிக் கொடுக்கலயா?"

முப்பத்திரண்டு வயதில் எழுந்து நின்றேன், கையைக் கட்டிக்கொண்டு. அந்தப் பள்ளியில் படித்தபோது உடம்பில் ஊறிய பழக்கம். "சாரி டீச்சர்," என்றேன். பிறகு மேடையைப் பார்த்து, "குதிம்மா."

குதித்தாள். மூன்றாவது குதிப்பில் அட்டைப் பாதம் கிழிந்தது. முதல் பரிசு கொடுத்தார்கள்.

அந்தக் கோப்பையைப் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. விலங்கைப் பற்றி ஒரு பக்கம் டீச்சரிடம் முன்கூட்டியே எழுதிக் கொடுத்திருந்தோம். அதைப் படித்தால் என்ன? பிள்ளையிடம் 'ஏன்' என்று ஒரு வார்த்தை கேட்டால் என்ன? எல்லாம் தெரிந்த எனக்கு என்ன கேடு?

"சின்ன விஷயம்லா, கப் கிடைச்சிருச்சுதானே," என்கிறார் கணவர். அவர்மீதும் எரிச்சல். நான்தான் பெரிதாக்குகிறேனோ? அந்த விலங்கு நடந்ததை யாரும் கண்ணால் பார்த்ததில்லையே என்றும் தோன்றுகிறது. ஆனால் நான் கைகட்டி நின்றதை என் மகள் பார்த்தாள். இப்போது படம் வரைந்தால், நான் வரும்போது தாளைக் கவிழ்த்து வைக்கிறாள்.

அடுத்த மாதம் சிம்பாங் அம்பாட்டில் பள்ளிகளுக்கிடையே போட்டி. "அதே வேஷம்தான். நல்லா குதிக்கப் பழக்கிக் கொண்டு வா," என்று டீச்சர் செய்தி அனுப்பியிருக்கிறார். 'சரி டீச்சர்' என்று நான்கு முறை தட்டி, நான்கு முறையும் அழித்துவிட்டேன்.

தமக்குப் பாடம் எடுத்தவரிடமே பிள்ளைக்காக மறுத்துப் பேசியவர்கள் உங்களில் இருந்தால், முதல் வாக்கியத்தை எப்படித் தொடங்கினீர்கள் என்று எழுதுங்கள். வெள்ளிக்கிழமைக்குள் நான் பதில் அனுப்ப வேண்டும்.