ரோமாபுரிக்கு ஒரு பரஸ்தானம்

‘சரித்திர ஞானமும் அசாத்தியத் துணிச்சலும் வாய்ந்தவரும், எந்த நெருக்கடியிலும் நிதானம் இழக்காதவருமான திரு. சிவசங்கர் அவர்களின் ஐரோப்பியப் பயணத்தை முன்னிட்டு வழியனுப்பு விழா’ என்றது பொன்மலைக் குடியிருப்போர் நலச்சங்கச் சுற்றறிக்கை. கையெழுத்து செயலாளர் இருதயநாதனுடையது, வாசகம் சிவசங்கருடையது. செயலாளர் வெறும் ‘துணிச்சல்’ என்றுதான் எழுதியிருந்தார்.

யமுனா அதைப் படித்துவிட்டு, நான்காக மடித்து, ஆடிக்கொண்டிருந்த மிக்ஸியின் காலடியில் வைத்தாள். மிக்ஸி ஆட்டத்தை நிறுத்தியது. கணவரைப் பற்றிய எழுத்து ஒன்று பயன்பட்டது அதுவே முதல்முறை.

ரோம் அவளுடைய ஆசை. தில்லை நகர்ப் பள்ளியொன்றில் வரலாறு நடத்தி ஓய்வு பெற்றவள். பார்க்காத ஊரின் வளைவுகளையும் அரங்குகளையும் வருஷா வருஷம் கரும்பலகையில் வரைந்து அழித்தவள். அந்தக் கல்லை ஒருமுறை கையால் தொட வேண்டும், அவ்வளவுதான். ஆனால் அந்த வீட்டில் எந்த ஆசையும் ஏற்பாடு என்ற நிலைக்கு வந்துவிட்டால் சிவசங்கரின் இலாகாவுக்குப் போய்விடும். ரயில்வே பணிமனை அலுவலகத்தில் அடுத்தவர் லீவை மறுத்தே காலம் தள்ளிய நிர்வாகி அவர்.

ரோமின் மீது அவருக்கு மரியாதை கிடையாது. இடிந்து கிடப்பதைப் பார்க்க இத்தனை தூரமா, இங்கே மலைக்கோட்டை முழுசாக நிற்கிறதே என்பார். அந்த மலைக்கோட்டையில் அவர் கடைசியாக ஏறியது கல்யாணத்துக்கு முன்பு. ஆகவே அவருடைய தயாரிப்பில் ரோம் எங்கும் வரவில்லை. புளிக்காய்ச்சல் வந்தது, பருப்புப்பொடி வந்தது, சின்ன குக்கர் வந்தது. கடைசியில் பஞ்சாங்கம் வந்தது.

விமானம் வெள்ளிக்கிழமை. வெள்ளி மேற்கே சூலம். ரோமோ மேற்கே இருந்து தொலைத்தது. கொஞ்சம் வெல்லம் சாப்பிட்டுக் கிளம்பினால் தோஷம் போய்விடுமே என்றார் இருதயநாதன், வேதக்காரராக இருந்தும் அக்கறையோடு. வெல்லமெல்லாம் கரூர் வரைக்கும்தான், கடல் தாண்டப் பரஸ்தானம்தான் சரி என்று சிவசங்கர் தீர்ப்புச் சொன்னார். நல்ல நாளில், நல்ல நேரத்தில், பயணப் பை ஒன்றை வேறொரு வீட்டில் கொண்டுபோய் வைத்துவிட்டால் பயணம் அப்போதே தொடங்கிவிட்டதாகக் கணக்கு. கிளம்பும் நாளில் பையை எடுத்துக்கொண்டு போக வேண்டியதுதான்.

ஸ்ரீரங்கம் சித்திரை வீதியில் இருந்த சித்தப்பா மகள் வேணியின் வீடு அதற்குத் தேர்வானது. விமான நிலையம் ஊருக்குத் தெற்கே, ஸ்ரீரங்கம் வடக்கே என்பது அவரைத் தடுக்கவில்லை. பைக்குக் கனம் வேண்டும் என்று தன் பாஸ்போர்ட்டையே உள்ளே வைத்தார். யமுனாவுடையதையும் கேட்டார்.

“என்னோடது என் கைப்பையில இருக்கட்டுங்க.”

“எதுலயும் ஒரு எதிர்வாதம்.”

அவள் ஒரு பழைய புடவையைக் கொடுத்தாள். புதன்கிழமை பை போய்ச் சேர்ந்தது. உள்ளே என்ன இருக்கிறது என்று அவர் வேணியிடம் சொல்லவில்லை, சொன்னால் பலிக்காதாம்.

வெள்ளிக்கிழமை பெட்டிகளோடு டாக்ஸி சித்திரை வீதியில் நின்றபோது வேணி வீட்டில் பூட்டுத் தொங்கியது. போன் செய்தார். அவள் குடும்பத்தோடு கொடைக்கானலில் இருந்தாள்.

“அடுத்த வெள்ளிதான் வருவீங்கன்னு நெனச்சேன்ணே. சாவி என்கிட்டல்ல இருக்கு. பூட்டை உடைச்சுருங்க, வேற வாங்கிக்கலாம்.”

சிவசங்கர் பூட்டைப் பார்த்தார். டாக்ஸிக்காரர் ஸ்பேனரோடு இறங்கியே விட்டார்.

“வெள்ளிக்கிழமை அதுவுமா ஒரு வீட்டுப் பூட்டை உடைக்கிறதா? மகாலட்சுமி போயிடுவா” என்றார் சிவசங்கர்.

“ஃப்ளைட்டும்தாங்க போயிடும்” என்றாள் யமுனா. “உடைக்கப் போறீங்களா, இல்லையா?”

அவர் அடுத்த ஃப்ளைட்டுக்கு மாற்றலாம் என்றார், இரண்டு பேருக்கும் சேர்த்து. அடுத்த வாரம் செவ்வாய் நல்லா இருக்கு என்றார். யமுனாவுக்கு அந்தக் குரல் தெரியும். லீவை மறுக்கிற குரல். இன்று இறங்கினால் அந்தக் கல் கரும்பலகையோடு நின்றுவிடும். கைப்பையிலிருந்து இருதயநாதன் கொடுத்த வெல்லத்துண்டை எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள். அவருடைய பெட்டியை மட்டும் இறக்கி வைக்கச் சொல்லிவிட்டு, விமான நிலையத்துக்கு வண்டியைத் திருப்பச் சொன்னாள்.

ரோமில் அவள் கல்லைத் தொட்டாள். வெயிலில் சுட்டதாம்.

அசாத்தியத் துணிச்சல்காரர் பெட்டியோடு பஸ் ஏறி வீடு திரும்பினார். வேணி ஊர் திரும்பும் வரை, கதவைச் சாத்திக்கொண்டு புளிக்காய்ச்சல் சோறு சாப்பிட்டார்.