முன் ஷாக்கும் பின்சீட்டும்

பைக்கின் முன் ஷாக் அப்சார்பரைப் பிரித்துப் போட்ட அந்த வாரம் முழுக்க என்னால் ஓர் இடத்தில் உட்கார முடியவில்லை. சாப்பிடும்போதே எழுந்து போய் முன்சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க் பைப்பைத் தடவிப் பார்த்துவிட்டு வருவேன். "சாம்பார் கைய கழுவிட்டுப் போப்பா" என்று மனைவி உள்ளேயிருந்து கத்துவாள்.

எங்கள் வீடு திருவொற்றியூரில். எனக்கு எண்ணூரில் ஒரு கன்டெய்னர் யார்டில் வேலை. அவளுக்கு அதையும் தாண்டி அத்திப்பட்டில் ஆபீஸ். தினமும் அவளை அங்கே இறக்கிவிட்டு, அதே ரோட்டில் அடித்துப் பிடித்துத் திரும்பி வந்து யார்டுக்குள் ஓடுவேன். வழியெல்லாம் டிரெய்லர் லாரிகள். ஒரு நாள் காலை முன்னால் போன டிரெய்லர் சட்டென்று நிற்க, நான் பிரேக்கைப் பிடித்தேன். வண்டியின் முன்பக்கம் டங்கென்று அடிவரை அமுங்கியது. ரோட்டோரம் கிடந்த நிலக்கரித் தூளில் சக்கரம் வழுக்க, இரண்டு பேரும் விழுந்தோம். எனக்கு முட்டி, அவளுக்கு முழங்கை, தோல் உரிந்ததோடு சரி. அவளுடைய டிபன் டப்பா மட்டும் உருண்டு போய் லாரி டயருக்கு அடியில் தகடாகிவிட்டது.

"அந்த டப்பா இருந்த எடத்துல என் தல இருந்தா?" என்றாள். அன்றிலிருந்து வண்டியில் ஏறவில்லை.

ரயிலில் போய்ப் பார்த்தாள். ஸ்டேஷனில் ஷேர் ஆட்டோ கிடைத்தால் உண்டு, இல்லாவிட்டால் லாரிகளுக்கு நடுவே நடை. மாதவரத்தில் அவள் அம்மா வீட்டுத் தெருமுனையில் அவள் கம்பெனி வேன் வந்து நிற்கும். "வர்ற திங்கள்லேர்ந்து வேல நாள்ல அம்மா வூட்ல தங்கிக்கறேன், ஞாயித்துக்கெயம வரேன்" என்று, கடைக்குப் போய் வருகிறேன் என்பது போலச் சொன்னாள். கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. எனக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தன. திங்கட்கிழமைக்குள் வண்டியைச் சரிபண்ணி அவளைப் பின்னால் உட்காரவைக்காமல் விடுவதில்லை என்று வீம்பு பிடித்துக்கொண்டேன்.

பிரித்தபோது ஃபோர்க்கிலிருந்து வந்த ஆயில் ஊசிப்போன கருவாட்டுக் குழம்பு மாதிரி நாறியது. பைப்பை உப்புக்காற்று புள்ளி புள்ளியாக அரித்திருந்தது. கடலோரத்து வண்டிகளுக்கு வருகிற வியாதிதான். எனக்கோ அவசரம். அதே பைப்பில் ஆயில் கசியாமல் தடுக்கும் புது ரப்பர் சீலைப் போட்டு மாட்டினேன். மறுநாளே அந்தப் புள்ளிகள் சீலைக் கிழித்து, ஆயில் சக்கரம்வரை வழிந்திருந்தது. தலையில் அடித்துக்கொண்டு புதுப்பேட்டை உதிரிபாகக் கடைகளுக்கு ஓடி, புதுப் பைப்பும் இன்னும் கெட்டியான ஸ்பிரிங்கும் வாங்கி வந்தேன்.

தெருக்கோடி மெக்கானிக்குக்கு இதெல்லாம் வேடிக்கை. "இன்னாத்துக்கு நைனா இவ்ளோ பேஜாரு? பழைய ஸ்பிரிங்கு மேலயே ரெண்டு ரூபா காச அடுக்கு. கல்லு மாரி நிக்கும்." எங்கள் பக்கத்தில் பல வண்டிகளின் ஃபோர்க்குக்குள் இப்படிச் சில்லறை கிடக்கிறது. கல் மாதிரி நின்றால் ஒவ்வொரு பள்ளமும் நேராக அவள் முதுகுக்குத்தான் போகும் என்று சண்டைக்குப் போனேன்.

காசுக்குப் பதிலாக ஸ்பிரிங்குக்கு மேலே ஒரு குழாய்த் துண்டு வைக்க வேண்டும். ஆட்கள் ஏறி உட்காரும்போது முன்பக்கம் எவ்வளவு அமுங்குகிறது என்று டேப் வைத்துப் பார்த்து, அதற்கேற்ப அந்தத் துண்டை வெட்ட வேண்டும். அதாவது, வண்டியில் ஏறமாட்டேன் என்கிறவளை முதலில் வண்டியில் ஏற்ற வேண்டும்.

கேட்க எனக்குத் துணிச்சல் இல்லை. ஞாயிற்றுக்கிழமை காலை வீட்டு அரிசி மூட்டையைத் தூக்கி வந்து பின்சீட்டில் கட்டினேன். கடைக்கு லீவு என்பதால் வந்திருந்த மெக்கானிக் ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சத்தம் கேட்டு அவள் வெளியே வந்தாள்.

"இன்னாபா இது? இதான் நானா?"

அவளே மூட்டையை அவிழ்த்து இறக்கினாள். "வண்டி ஓடாது இல்ல?" என்று கேட்டுவிட்டு எனக்குப் பின்னால் ஏறினாள். மெக்கானிக் டேப்பைப் பார்த்து, குழாய் நீளமாக இருக்கிறது என்றார். அவளை இறக்கி, முன்சக்கரத்தைத் தூக்கி நிறுத்தி, மூடியைக் கழற்றி, துண்டை வெட்டி மாட்டினேன். மறுபடி ஏறினாள். மறுபடி நீளம். அவள் பொறுமையாகத்தான் நின்றாள். நான்தான் அவசரத்தில் ஆக்சா பிளேடு வழுக்கிக் கட்டைவிரலைக் கீறிக்கொண்டேன்.

நான் விரலில் துணி சுற்றித் திரும்புவதற்குள் அவள் முன்சீட்டில் உட்கார்ந்திருந்தாள்.

"பின்னால ஒக்காந்தா உன் ஹெல்மெட்டுதாம்பா தெரியுது. எப்ப பள்ளம் வரும், எப்ப நீ பிரேக் புடிப்பன்னு ஒண்ணும் தெரில. அதான் பயம். நானே ஓட்றேன். உன்ன எண்ணூர்ல எறக்கி வுட்டுட்டு அப்டியே அத்திப்பட்டு பூட்றேன். நீயும் திரும்பி ஓடியார வேணாம்."

கல்யாணத்துக்கு முன்னால் அண்ணனின் கியர் வண்டியை மாதவரம் முழுக்க ஓட்டியவள் அவள். அது எனக்குத் தெரியும். ஆனாலும் இந்த யோசனை என் மண்டையில் உதித்ததே இல்லை.

"அப்ப இன்னும் வெட்டணும் நைனா," என்றார் மெக்கானிக். "முன்னால ஒக்கார்ற அவங்க வெயிட்டு கம்மி."

வெட்டினேன். மூக்கு உடைந்த மாதிரிதான் இருந்தது. ஆனால் அவள் மாதவரம் போகப்போவதில்லை. அதை நினைத்ததும் பிளேடு ஒழுங்காக ஓடியது.

திங்கட்கிழமை பின்சீட்டில் ஏறினேன். கையை எங்கே வைப்பது, காலால் எதை மிதிப்பது என்றே தெரியவில்லை. நாங்கள் விழுந்த இடம் வந்தது. அவள் ஹெல்மெட்டுக்கு மேலே ஒரு கன்டெய்னரின் உச்சி மட்டும் தெரிந்தது. அது பெரிதாகிக்கொண்டே வந்தது.

"பிரேக் புடி! பிரேக் புடி!" என்று கத்தினேன்.

"புடிச்சாச்சுபா. வண்டி நின்னுகினு கீது," என்றாள். "நீ என் தோள வுடு."