வலேனிக்கு மட்டும் காட்டிய விளம்பரம்

ஸ்மரந்தாவுக்கு உலகத்தில் ஒரே ஒரு பயம்தான் இருந்தது. அவள் செய்கிற தொழில் அப்பா கவ்ரிலுக்குத் தெரிந்துவிடக் கூடாது. மற்றபடி அவள் எதற்கும் அஞ்சுகிறவள் இல்லை. விட்டுவிட்டுப் போன புருஷன் குடித்துவிட்டு வந்து கதவை இடித்தபோது வாணலியைத் தூக்கிக்கொண்டு வாசலில் நின்றவள். ஆனால் சொந்த ஊரான வலேனியிலிருந்து அப்பா போன் செய்தால் மட்டும், அவர் நேரில் வந்து நிற்கிற மாதிரி எழுந்து நின்று, தலைமுடியை ஒதுக்கிக்கொண்டுதான் பேசுவாள்.

தொழில் என்னவென்று மூடி மறைத்துச் சொல்ல எனக்கு வராது. மாதச் சந்தா கட்டுகிற ஆண்களுக்காகத் தன் அந்தரங்கப் படங்களை இணையத்தில் போடுகிறாள். புக்கரெஸ்டில் அவள் குடியிருக்கும் அடுக்குமாடியிலேயே இன்னும் ரெண்டு பேர் அதைச் செய்கிறார்கள். லிஃப்டில் பார்த்தால் வணக்கம் சொல்லிக்கொள்வார்கள், அத்தோடு சரி. முன்னே மருந்துக்கடையில் நின்றாள். அந்தச் சம்பளத்தில் குளிர்காலத்தில் வீட்டைச் சூடாக்கினால் சாப்பாடு இல்லை, சாப்பிட்டால் சூடு இல்லை. மூக்கைச் சுளிக்கிறவர்கள் அந்தக் கடையில் ஒரு குளிர்காலம் நின்று பார்க்கட்டும், அப்புறம் பேசுவோம். அப்பாவிடம், வங்கிக்காரர்களுக்காகப் போனில் பேசுகிற வேலை என்று சொல்லி வைத்திருந்தாள். படங்களில் சிவப்பு விக், கறுப்புக் கண்ணாடி, லோலா என்று ஒரு பேர். போதாததற்கு, ருமேனியாவிலிருந்து யாருமே அந்தப் பக்கத்தைத் திறக்க முடியாதபடி நாட்டையே மூடி வைத்திருந்தாள்.

மூடியதைத் திறக்க வைத்தவன் கீழ் மாடி ஹோரியா. இந்த மாதிரிப் பெண்களுக்குக் காசு கட்டி விளம்பரம் போட்டுக் கொடுப்பதுதான் அவன் பிழைப்பு.

"ஏங்க்கா, நம்ம நாட்டு ஆளுங்கதான் நல்லாக் காசு கட்டறாங்க. நீ என்னடான்னா கதவைச் சாத்திட்டு ஜெர்மன்காரன் வருவான்னு உக்காந்திருக்க."

"எங்கப்பா கண்ணுல பட்டுச்சுன்னா?"

"படாதுக்கா. உங்க ஊரைச் சுத்தி வரைபடத்துல ஒரு வட்டம் போட்டு ஒதுக்கிடறேன். அந்த வட்டத்துக்குள்ள ஒரு ஈ காக்கா பாக்காது. போதுமா?"

ஸ்மரந்தா தயங்கினாள். அந்த மாதம் சந்தாக்காரர்கள் மளமளவென்று கழன்றுகொண்டிருந்தார்கள். சரி என்று விட்டாள்.

விளம்பரத்தில் உடம்பைக் காட்டினால் கணக்கையே முடக்கிவிடுவார்கள். அதனால் சால்வை போர்த்தி, கையில் காப்பிக் கோப்பையோடு ஒரு படம், "தனியா இருக்கீங்களா? பேச வாங்க" என்று ஒரு வரி. அதை அழுத்தினால் சாதுவாக ஒரு பக்கம் வரும், அங்கே இன்னொரு பொத்தானை அழுத்தினால் நேரே சந்தாப் பக்கம். அப்பாவிப் பிள்ளைகளுக்கு ஒன்றும் தோன்றாது. விவரமான ஆம்பிளைக்குப் பார்த்த மாத்திரத்தில் விளங்கிவிடும்.

ஈஸ்டருக்கு முந்தின வியாழக்கிழமை காலையில் ஸ்மரந்தா முட்டைகளுக்குச் சிவப்புச் சாயம் ஏற்றிக்கொண்டிருந்தாள். மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு ஹோரியா ஓடி வந்தான்.

"அக்கா, பிச்சுக்கிட்டுப் போகுது! இத்தனை பேர் அழுத்தி நான் பாத்ததே இல்ல. ஆனா ஒருத்தன்கூடச் சந்தா கட்டல. அதான் எனக்குப் புரியவே மாட்டேங்குது."

"எந்த ஊருக்காரங்கடா?"

ஹோரியா வரைபடத்தைத் திறந்தான். நாடு முழுக்க வெறிச்சென்று கிடந்தது. வடகிழக்கு மூலையில் மட்டும் ஒரு நீல வட்டம். வட்டத்தின் நடுவில் வலேனி.

அவன் முகம் வெளிறிப்போனது. "அக்கா... ஒதுக்குன்னு குடுக்கறதுக்குப் பதிலா..." என்று இழுத்தான்.

"காட்டுன்னு குடுத்துட்டியா?"

அவன் தலையை ஆட்டினான்.

அடப் பாவி! நாட்டில் எவர் கண்ணில் பட்டாலும் படலாம், இந்த ஒரு ஊர் மட்டும் பார்க்கக் கூடாது என்று கெஞ்சியிருந்தாள். அந்த ஒரு ஊருக்கு மட்டும், அவள் காசிலேயே, வீடு வீடாகக் கொண்டுபோய்க் காட்டியிருக்கிறான்.

"நிறுத்துடா! மொதல்ல நிறுத்து!"

நிறுத்தினான். என்ன பிரயோஜனம்? வாரம் முழுக்க ஓடிவிட்டது. சாயக் கையோடு அப்பாவுக்குப் போன் போட்டாள். அடித்து அடித்து ஓய்ந்தது. மறுபடி போட்டாள். எடுக்கவில்லை. தினம் கோழிகளைத் திறந்துவிட்ட கையோடு கூப்பிடுகிற மனிதர் ரெண்டு மூன்று நாளாகவே கூப்பிடவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. நோன்புக் காலம், கோயில் வேலை என்று அவளும் பேசாமல் இருந்துவிட்டாள். கோயிலில் அவர் மெழுகுவர்த்தி ஏற்றும்போது பின்னால் நிற்கிறவன்கள் சிரிப்பது காதில் கேட்கிற மாதிரி இருந்தது. கொட்டகை உத்தரத்தில் தொங்கும் கயிறு கண்ணுக்குள் வந்தது. ஐயோ, வேண்டாம், வேண்டாம் என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டாள். கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

"விளம்பரத்துக்குக் கீழ ஏதேதோ எழுதியிருக்கானுங்க. நீ படிக்காதக்கா, மொத்தமா அழிச்சிடறேன்" என்றான் ஹோரியா.

அவள் கணினியைப் பிடுங்கினாள். கடைசியாக எழுதியது மேலே இருந்தது.

"கவ்ரில் மாமா, பொண்ணு பேங்க்ல இருக்குன்னீங்களே, எந்த பேங்க்கு? நானும் கணக்கு ஆரம்பிக்கணும்."

"அட, விக்கைக் கழட்டிப் பாருங்கடா, அதேதான்!"

"நான் தினம் பாத்துட்டு இருந்தேன், தெரியாமப் போச்சே."

ஒவ்வொரு பேரும் அவளுக்குத் தெரிந்த பேர். கூடப் படித்தவன், பஸ் ஓட்டுகிறவன், அவளுடைய கல்யாணத்தில் ஆடியவன். எப்படித் தெரிந்தது இவன்களுக்கு? விக் இருக்கிறது, கண்ணாடி இருக்கிறது, பேர் வேறு. யார் முதலில் சொன்னது? கீழே தள்ளிக்கொண்டே போனாள். எல்லாவற்றுக்கும் அடியில், முதன்முதலாக எழுதப்பட்டிருந்தது இது:

"ஸ்மரந்தா கண்ணு, அப்பா எழுதறேன். உன்னக் கூப்பிடத் தைரியம் வரல. குரலைக் கேட்டா அழுதுடுவேன். நீ செய்யறது எனக்குப் பிடிக்கல. அதுக்காக ஈஸ்டருக்கு வராம இருந்துடாத. ஆட்டுக்கறி சொல்லி வெச்சுட்டேன். ஊர்ல எவனுக்கும் அடையாளம் தெரியல, நானும் மூச்சு விட மாட்டேன். இது நமக்குள்ளயே இருக்கட்டும்."

பக்கத்தில் கவ்ரிலின் பேர், தொப்பி போட்ட அவர் படம். அதற்குக் கீழே ரொட்டிக்கடை துமித்ரு எழுதியிருந்தார்: "அண்ணே, இதை எல்லாரும் படிக்கலாம்ணே. சீக்கிரம் அழிச்சிடுங்க." கவ்ரில் அதைப் பார்த்ததாகவே தெரியவில்லை. எழுதுகிற கட்டத்தில் எழுதினால் படத்தில் இருக்கிறவளுக்கு மட்டும் போய்ச் சேரும் என்று நினைக்கிற மனிதர் அவர். டிராக்டர் விளம்பரத்துக்குக் கீழே, முதலாளியின் மகள் கல்யாணம் நல்லபடியாக முடிந்ததா என்று விசாரித்தவர்.

ஸ்மரந்தா வாயைப் பொத்திக்கொண்டாள். ஊரே பார்த்தும் கண்டுபிடிக்காதவளை அவர் ஒருத்தர் கண்டுபிடித்திருக்கிறார். ரகசியம் என்று நினைத்து ஊருக்கே சொல்லியும் விட்டார்.

ஹோரியாவுக்கு ஒரு வழி தோன்றியது. "அக்கா, இன்னும் ஒண்ணும் கெட்டுப்போகல. லோலா பேர்ல ஒரு வரி போடறேன்: 'பெரியவரே, ஆள் மாறிப் பேசறீங்க, நான் உங்க பொண்ணு இல்ல'ன்னு. கெழவருக்குக் கண்ணு மங்கிடுச்சுன்னு சிரிச்சிட்டுப் போயிடுவானுங்க. நீ தப்பிச்சுடுவ."

தப்பித்துவிடலாம், நிஜம்தான். ஈஸ்டருக்குத் தலை நிமிர்ந்து போகலாம். அவளுக்கு உள்ளுக்குள் அவ்வளவு பயம், அந்த வார்த்தையைக் கேட்டதும் ஒரு நொடி சபலம் தட்டிவிட்டது. உள்ளதைச் சொல்லிவிடுகிறேன், போடு என்று சொல்ல வாயைத் திறந்தும்விட்டாள். மறுபடி அந்த எழுத்தைப் பார்த்தாள். நீ என் பொண்ணு இல்லை என்று அவர் சொல்லவில்லையே.

"தள்ளு" என்றாள்.

சிவப்பு விரல்களால் அப்பாவின் எழுத்துக்குக் கீழே தட்டினாள்: "சனிக்கிழமை வர்றேம்ப்பா. பயப்படாதீங்க. – ஸ்மரந்தா." அனுப்புகிற பொத்தானை அழுத்தினாள்.

"அக்கா, ஊரே பாக்குமே! அழிச்சிடட்டுமா?"

"இருடா. மொதல்ல அவர் படிக்கட்டும்."