பை இல்ல, ஆஃப்

என்னைக் கட்டிக்கொண்டவர் தேயிலை எஸ்டேட் ஆபீஸில் சின்னக் கிராணி, கணக்கு எழுதும் குமாஸ்தா. நான் லயத்துப் பெண், தொழிலாளர்களின் வரிசை வீடுகளில் வளர்ந்தவள். அப்பா தேயிலைக்கு மருந்து அடிப்பவர். தமிழ்ப் பள்ளி முடித்து, தானா ராத்தா டவுனில் சில வருடம் படித்திருந்தேன். எழுபதுகளின் நடுவில் கல்யாணமாகி மேட்டிலிருந்த கிராணி வீட்டுக்குப் போனபோது, வீட்டுக்குள் இங்கிலீஷில்தான் பேச வேண்டும் என்றார். பிறக்கப்போகும் பிள்ளைகளுக்காக என்று காரணமும் சொன்னார்.

எனக்கும் அதில் ஆசை இருந்தது. அடுப்படியில் தனியாகப் பேசிப் பார்ப்பேன். ஆனால் என் இங்கிலீஷில் வேண்டாத இடத்தில் 'டு' வந்து உட்கார்ந்துகொள்ளும். வேண்டிய இடத்தில் 'ஃபார்' இருக்காது. மகள் தொட்டிலில் தூங்கும்போது அவர் ரேடியோவைச் சத்தமாக வைத்தால், "லெட் ஹர் டு ஸ்லீப்" என்பேன்.

"லெட் ஹர் ஸ்லீப். லெட்டுக்குப் பின்னால டு வராது. எத்தன தடவ சொல்றது?"

ரேடியோ பாடிக்கொண்டே இருக்கும். பிள்ளை எழுந்துவிடும்.

ஒருமுறை எஸ்டேட் மேனேஜரான துரை வீட்டில் தேநீர் விருந்து. பகலெல்லாம் என்ன செய்வாய் என்று துரையின் மனைவி அன்பாகத்தான் கேட்டார். "ஐ வெயிட் மை ஹஸ்பண்ட்" என்றேன். "வெயிட் ஃபார்" என்று இவர் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார். லயத்திலிருந்து வந்தவள், இன்னும் பழகவில்லை என்று இங்கிலீஷில் சேர்த்துக்கொண்டார். மற்ற கிராணிகளின் மனைவிமார் சிரித்தார்கள். கையிலிருந்த கேக்கை எங்கே வைப்பதென்று தெரியாமல் கடைசிவரை பிடித்துக்கொண்டே நின்றேன்.

ஆபீஸில் துரை இவரை எப்படி நடத்தினார் என்பதும் எனக்குத் தெரியும். 'அபௌட்' வராத இடத்தில் 'டிஸ்கஸ் அபௌட்' என்று சொல்லிவிட்டதற்காக, அதையே பட்டப்பெயர் மாதிரி வைத்து எல்லோர் முன்னாலும் கேலி செய்திருக்கிறார். பகலில் வாங்கியதை இவர் மாலையில் என்னிடம் இறக்கிவைத்தார். அது தெரிந்ததால் என் வலி ஒன்றும் குறைந்துவிடவில்லை.

ஒரு மழைக்காலத்தில் அப்பாவுக்குக் காய்ச்சல் கண்டு நெஞ்சில் சளி கட்டியது. ஆஸ்பத்திரியில் நான்தான் கூட இருந்தேன். காலையில் கஞ்சி குடித்தவர் மத்தியானத்துக்குள் போய்விட்டார். நர்ஸ் மிஸ்ஸி நோயின் பெயரைச் சொல்லி, எஸ்டேட் ஆபீஸுக்குப் போன் போட்டுக் கொடுத்தார். இவர்தான் எடுத்தார். ஆபீஸ் போனில் தமிழ் பேசினால் இவருக்குப் பிடிக்காது. அந்த நேரத்திலும் அது எனக்கு நினைவுக்கு வந்தது.

"மை ஃபாதர் டைட். பை நிமோனியா."

"பை இல்ல, ஆஃப். டைட் ஆஃப் நிமோனியா" என்றார். அதற்கப்புறம்தான், "எப்ப?" என்று கேட்டார்.

போனை மிஸ்ஸியின் கையில் கொடுத்துவிட்டேன்.

சாவுக்குச் செய்ய வேண்டியதையெல்லாம் குறை சொல்ல முடியாதபடி செய்தார். லோரி பிடித்தார், பாடைக்குத் தோள் கொடுத்தார். போனில் சொன்னது அவருக்கு நினைவே இருந்திருக்காது. வாய்ப் பழக்கம். கருமாதி முடிந்து வீடு திரும்பியதும், சாப்பிட்டாயா என்று இங்கிலீஷில் கேட்டார்.

"பசிக்கலங்க" என்றேன்.

மறுநாளும் தமிழ்தான்.

"பிள்ளைக்கு என்ன பழக்கம் வரும்? இங்கிலீஷ்ல பேசு."

"எனக்கு வராதுங்க."

துக்கம் என்று சில நாள் பொறுத்தார். பிறகு கத்தினார். பிறகு விட்டுவிட்டார். துரை வீட்டு விருந்துகளுக்குத் தனியாகப் போனார். மகள் அவரிடம் ஒரு மொழியும் என்னிடம் ஒரு மொழியுமாக வளர்ந்தாள்.

எண்பதுகளில், அவள் பள்ளிக்குப் போகத் தொடங்கியதும், கியா பார்ம் சந்தையில் ஒரு சீனத் தவுக்கே முதலாளியின் காய்கறிக் கடையில் வேலைக்குச் சேர்ந்தேன். ஸ்ட்ராபெர்ரி வாங்க வரும் வெள்ளைக்காரர்களிடம் நான்தான் பேசுவேன். 'டு' எங்கே விழுந்தது என்று அவர்கள் யாரும் பார்க்கவில்லை. பழத்தைத் தின்றுகொண்டே பேரப்பிள்ளைகளின் படங்களைக் காட்டினார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஒரு வயதான தம்பதியிடம் என் அப்பாவைப் பற்றி இங்கிலீஷில் சொல்லிக்கொண்டிருந்தேன். முதுகில் மருந்து டாங்கியைச் சுமந்து அவர் எந்த மேட்டிலெல்லாம் ஏறினார் என்று கை நீட்டிக் காட்டினேன். என்னைக் கூட்டிப்போக முன்னதாகவே வந்துவிட்ட இவர் முட்டைக்கோஸ் கூடைகளுக்குப் பின்னால் நின்று அதைக் கேட்டிருக்கிறார்.

வீட்டுக்குப் போகும்போது பாதி வழியில் மோட்டார் சைக்கிளை நிறுத்தினார்.

"இத்தன வருசமா வராதுன்னியே. எங்கிட்ட மட்டும்தான் வராதா?"

"ஆமாங்க."

ஏன் என்று கேட்பார் என்று காத்திருந்தேன். கேட்டிருந்தால் அந்தப் போனைப் பற்றிச் சொல்லியிருப்பேன். அவர் கேட்கவில்லை, மோட்டாரைக் கிளப்பினார்.

அதற்குப் பிறகும் ஒரே வீட்டில்தான் இருந்தோம். என்ன சமையல், கரண்டு எப்போது வரும், மகளுக்குப் பள்ளி எப்போது திறக்கிறார்கள் என்பதற்கு மேல் பேச்சு வளரவில்லை. மகள் கோலாலம்பூருக்கு வேலைக்குப் போனதும் அதுவும் குறைந்துபோயிற்று.