காற்றுத் தகட்டில் சந்தனம்

எங்கள் சித்தப்பாவுக்குக் கணக்கு வராது என்று நான் வெகுகாலம் நம்பியிருந்தேன். என் கண் முன்னாலேயே அவர் அதை ஒப்புக்கொண்டார். நம்பாமல் என்ன செய்வது?

நான் மூன்றாம் வகுப்பில் இருந்த சமயம், எங்கள் பக்கம் ஓடிய கரி பஸ்களெல்லாம் ஒவ்வொன்றாக டீசலுக்கு மாறிக்கொண்டிருந்தன. அப்படிக் கழற்றிப் போட்ட கரிவாயு அடுப்பு ஒன்றைச் சித்தப்பா அவிநாசியிலிருந்து மாட்டுவண்டியில் ஏற்றி வந்தார். ஆள் உயர இரும்புப் பீப்பாய். உள்ளே கரியை மூட்டினால் வருகிற வாயுவில், எண்ணெய் வாங்கக் கட்டுப்படியாகாமல் சும்மா கிடந்த எங்கள் கிணற்று என்ஜின் ஓடும் என்றார். தண்ணீர் இறைக்கிற மாடுகளில் ஒன்று நொண்டிப்போய், பருத்தி வாடிக்கொண்டிருந்த நேரம். அப்பா கறாராகச் சொல்லிவிட்டார்: "வெள்ளிக்கிழமை தண்ணி வரோணும். வரலீன்னா இந்தப் பீப்பாய்ல நெல்லு அவிச்சுப்போடுவேன்."

சித்தப்பா தண்ணீர்த்தொட்டிச் சுவர் முழுக்கக் கரியால் கணக்கெழுதினார். என்ஜின் ஒரு சுற்றுக்கு எவ்வளவு மூச்சு இழுக்கும், அதில் வாயு பாதி, காற்று பாதி, அந்தக் காற்று நுழைய எத்தனை துளை, எவ்வளவு பெரிது. எழுதுவார், அழிப்பார். கல்யாணமாகி வந்து ஒரு மாதம்கூட ஆகாத சித்தி, சோற்றை வைத்துவிட்டுச் சுவரையே பார்த்து நிற்பாள்.

"ஏனுங்க, காத்தக்கூடவா அளப்பாங்க?"

"கொழம்புக்கு உப்பு அளந்துதான போடறே அம்மணி? அது மாதிரித்தான்."

கடைசியில் துளைகள் போட்ட வட்டத் தகடு ஒன்றை என்ஜினின் காற்றுக்குழாய் வாயில் பொருத்தினார்.

வெள்ளிக்கிழமை கரி மூட்டி, குழாய் முனையில் வாயு நீலமாக எரிவதையும் காட்டினார். முருகனைக் கும்பிடாமல் எங்கள் வீட்டில் எதுவும் தொடங்காது. "புதுசா வந்த மவராசி, நீயே பொட்டு வெய் கண்ணு" என்று அம்மா சந்தனக் கிண்ணத்தைச் சித்தியிடம் கொடுத்தாள். அந்த என்ஜினில் எண்ணெய்ப் பிசுக்கு இல்லாமல் நெற்றி மாதிரி பளபளத்தது அந்தத் தகடு ஒன்றுதான். சித்தி மனம் நிறைய, கை நிறைய அப்பினாள். நடுவில் குங்குமம், மேலே செவ்வந்திப் பூ. சித்தப்பா அப்போது அடுப்பைக் கிளறிக்கொண்டிருந்தார்.

தேங்காய் உடைந்தது. பண்ணையாள் கைப்பிடியைச் சுற்றினார். என்ஜின் இருமக்கூட இல்லை. மறுபடி சுற்றினார். ஊஹூம்.

"செவுத்துல எழுதுன கணக்கு செவுத்துலயே நின்னுபோச்சாட்ட இருக்குது" என்றார் அப்பா. வேடிக்கை பார்க்க வந்தவர்கள் சிரித்தார்கள்.

சித்தப்பா பூஜைத் தட்டிலிருந்து ஊதுபத்தியை எடுத்துத் தகட்டருகே பிடித்துக்கொண்டு, இன்னொரு தரம் சுற்றச் சொன்னார். உள்ளே இழுபட வேண்டிய புகை ஒய்யாரமாக மேலே போயிற்று. பூவை விலக்கிப் பார்த்தார். பிறகு சித்தியை ஒரு தரம் பார்த்தார். அவள் சந்தனக் கிண்ணத்தை முந்தானைக்குள் மறைத்தாள்.

"அண்ணா, என்ற கணக்குத்தானுங்க தப்பு. ஓட்டையச் சின்னதாப் போட்டுப்போட்டேன்" என்று சொல்லி, எல்லாருக்கும் முதுகைக் காட்டி நின்று, ஆணியால் துளைகளைக் குடைந்தார்.

"போ, போயி ஒண்ணாங்கிளாஸ்ல உக்காரு" என்றார் அப்பா.

அடுத்த சுற்றில் என்ஜின் தடதடவென்று பிடித்துக்கொண்டது. வாய்க்காலில் தண்ணீர் குதித்தது. என்ஜின் புகையில் லேசாகச் சந்தன வாசம் வரவே, முருகனே இறங்கி வந்துவிட்டதாக அப்பா கையெடுத்துக் கும்பிட்டார். சித்தி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். கரிப்புகை என்று நினைத்தேன். சித்தப்பா விரலில் ஒட்டியிருந்த சந்தனத்தைத் தன் நெற்றியில் இட்டுக்கொண்டார். என்ன பக்தி என்று நானும் கன்னத்தில் போட்டுக்கொண்டேன்.

ஆனால் அன்று முதல், வாய்ப்பாட்டில் சந்தேகம் வந்தால் அவரிடம் மட்டும் கேட்கவே மாட்டேன்.