மூன்று கோட்டு ஜாடியும் பத்தொன்பது அறிஞர்களும்

பாரிசிலிருக்கும் பேராசிரியர்கள் நம்மூர் யூஜின் சூசைநாதனின் பெயரைச் சொல்லாமல் கட்டுரை எழுதுவதில்லை என்று 1961 கடைசியில் புதுச்சேரிக் கடைத்தெருவில் ஒரு பேச்சு. பத்தொன்பது கட்டுரைகளில் வந்திருக்கிறதாம். என் பெயர் இதுவரை வந்தது ரேஷன் கார்டில் மட்டும், அதுவும் தப்பாக. பொறாமை தாங்காமல் விசாரிக்கக் கிளம்பினேன்.

சூசைநாதன் சுங்கச்சாவடி குமாஸ்தா. 1954-இல் பிரெஞ்சுக்காரர்கள் நிர்வாகத்தைக் கொடுத்ததும் எல்லை போயிற்று, எல்லையோடு சாவடியும் போயிற்று. மிஞ்சிய நாற்காலியை ஓர் அலுவலகத் தாழ்வாரத்தில் போட்டுக் கொடுத்தார்கள். வேலையே இல்லாத நாற்காலியில் உட்கார்ந்தவர் அறிஞராகாமல் வேறென்ன ஆவார்?

அரிக்கமேட்டில் ரோமானியப் பானை கிடைத்ததிலிருந்து ஊரில் ஓட்டாஞ்சில்லை யாரும் சும்மா மிதிப்பதில்லை. 1955-இல் பிள்ளைச்சாவடியில், மீன் விற்கும் தனக்கொடியின் வாசலில் ஒரு ஜாடியைப் பார்த்தார் சூசைநாதன். கழுத்தில் மூன்று கோடுகள். ரோமானிய எண் மூன்று!

"எவ்ளோ பழசும்மா இது?"

"எங்க மாமியா சந்தையில வாங்கனது தொர. மூணு கோடுன்னா நெத்திலிக் கருவாடு, ரெண்டு கோடுன்னா வாளை. ஆணியால மாமியாதான் கீறி வச்சிது."

'ஜாடியின் தொன்மையை உள்ளூர் மக்கள் அறியார்' என்று சூசைநாதன் நோட்டில் எழுதிக்கொண்டார். ஈடாக வேறொரு ஜாடி வாங்கித் தருவதாகச் சொல்லி, இதைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு போனார்.

அடுத்த ஆண்டு பிரெஞ்சில் கட்டுரை வெளிவந்தது: ரோமானிய வணிகனின் மூன்றாம் ஜாடி. அதற்கும் அடுத்த ஆண்டு இன்னொன்று: முதலிரண்டு ஜாடிகளும் கடலில் மூழ்கிய விதம். மூழ்கிய இரண்டாம் ஜாடி அப்போது தனக்கொடியின் அடுப்போரம் வாளைக் கருவாட்டோடு சௌக்கியமாக இருந்தது. ஆக மொத்தம் ஆராய்ச்சி இவ்வளவுதான்.

1961-இல் சோதனை வந்தது. வெட்டி நாற்காலிகளை எங்கோ ஆந்திரக் கரையிலிருக்கும் ஏனாமுக்கு மாற்றப் போவதாக உத்தரவு. தப்பிக்க ஒரே வழி, ஊரில் புதிதாகத் திறக்கவிருந்த சின்னக் காட்சிசாலையின் காப்பாளர் வேலை. அதற்கு ஆராய்ச்சியும் வேண்டும், அறிஞர் உலகில் செல்வாக்கும் வேண்டும். சூசைநாதன் பத்தொன்பது கட்டுரைகளையும் கட்டிக்கொண்டு, தன் பெயர் வந்த இடமெல்லாம் சிவப்பு மசியால் கோடிழுத்துக்கொண்டு நேர்காணலுக்குப் போனார்.

தேர்வுக் குழுவில் மூவர். மூவருக்கும் பிரெஞ்சு தெரியாது. எண்ணத் தெரியும்.

"இந்த ஒரு பக்கத்துலயே உங்க பேர் பதினோரு தடவ வருதே மிஸ்டர்?"

"ஆமாங்க சார். அந்தப் புரொபசருக்கு என்மேல அக்கற ஜாஸ்தி."

வேலை கிடைத்தது. நேர்காணலில் குறிப்பெடுக்க உட்கார்ந்திருந்த டைப்பிஸ்ட் அகஸ்டினா கன்னியர் பள்ளியில் பிரெஞ்சு படித்தவர். அந்தக் கட்டுரைகளை எனக்குப் படித்துச் சொன்னவரும் அவர்தான். ரோமானியமாவது, சீன ஜாடி என்றார் முதல் அறிஞர். சூசைநாதனும் தப்பு, சீனமும் தப்பு என்றார் இரண்டாமவர். இப்படியே ஒருவரையொருவர் மறுத்துக்கொண்டு, ஆனால் சூசைநாதனை மட்டும் ஒற்றுமையாக மறுத்துக்கொண்டு, பதினெட்டுப் பேர். பத்தொன்பதாமவர் 1960-இல் முடிவுகட்டினார்: வயது நாற்பதைத் தாண்டாது, கருவாடு போட்டதாக இருக்கலாம்.

ஐந்து வருடத்துக்கு முன்பே தனக்கொடி ஒரே மூச்சில் சொன்னது. அவரை இன்றுவரை யாரும் மேற்கோள் காட்டவில்லை.

"குழுவுல நீங்க ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே?" என்று அகஸ்டினாவைக் கேட்டேன்.

"குறிப்பெடுக்கத்தான் கூப்ட்டாங்க முசியே. படிச்சிக் காட்டச் சொல்லல. அதோட, அவரு ஏனாமுக்குப் போய்ட்டா அவரு பேச்ச அங்க யார் தாங்குவா? பாவம் ஏனாம்."

இந்த வருடம், 1962-இல், காட்சிசாலைக்குப் போனேன். ஜாடி கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கிறது. பக்கத்தில் அட்டை: 'காலம் ஆய்வில் உள்ளது.' பெட்டிக்குக் காவலாகக் காப்பாளர் சூசைநாதன். எதிரே மீன்கூடையை இடுப்பில் வைத்தபடி தனக்கொடி. மாதம் ஒருமுறை வருவாராம்.

"தொர, என் ஜாடிய எடு."

"அது கவர்மெண்டு சொத்தாயிடுச்சிம்மா. எடுத்தா என் வேல போயிடும்."

"அப்ப வாங்கித் தர்றேன்னியே, அந்த ஜாடி?"

"மாசி மகத்துக்குள்ள தந்துடறேன்."

"எந்த மாசி? ஏழு மாசி போயிடுச்சி. நெத்திலிய மண்ணெண்ண டின்னுல போட்டு வச்சிருக்கேன், தின்னு பாக்கறியா?"

காப்பாளர் பெட்டியின் கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்தார்.