வடக்கு மறைக்காத இடம்

எங்கள் ஊரிலிருந்து துருவ நட்சத்திரத்தைப் பார்ப்பது லேசான காரியமில்லை. வடக்கே போகப் போக அது மேலே ஏறும் என்பார்கள். நாங்கள் இருப்பதோ நாட்டின் தெற்கு ஓரம். இங்கே அது அடிவானத்துக்குச் சற்று மேலே, தென்னந்தோப்புக்கும் மலைக்கும் பின்னால், இருக்கிறதா இல்லையா என்று தெரியாமல் கிடக்கும். எனக்குப் பத்து வயதாக இருந்தபோது ஒரு தை மாதம் முழுக்க அந்த நட்சத்திரத்தைத் தேடி அலைந்தோம். அதே மாதத்தில்தான் வீட்டில் மாமாவின் கல்யாணப் பேச்சும் நடந்தது. ஆனால் அது பெரியவர்களின் விஷயம். நட்சத்திரம் என்னுடைய விஷயம்.

மாமா என் அம்மாவின் தம்பி. மஸ்கட்டில் ஒரு கம்பெனியில் எலெக்ட்ரிகல் சூப்பர்வைசர். லீவில் வரும்போதெல்லாம் பெட்டியில் பிஸ்தாவும் பால்பவுடரும் வாசனை சோப்பும் இருக்கும். அந்த முறை சோப்புகளுக்கு நடுவில், பனியனில் சுற்றிய ஒரு கறுப்புப் பெட்டியும் இருந்தது. அரைச் செங்கல் அளவு; கையில் எடுத்தால் கனம். அம்மா அதை ரேடியோ என்று நினைத்து, பாட்டு எங்கே வரும் என்று திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

மாமா விளக்கினார். பூமி சுற்றுவதால் வானத்தில் நட்சத்திரங்கள் நகர்ந்துகொண்டே இருக்கும். கேமராவை இரண்டு நிமிடம் திறந்து வைத்தால் புள்ளி புள்ளியாக இருக்க வேண்டியதெல்லாம் கோடு கோடாக இழுத்துவிடும். இந்தப் பெட்டியை ஸ்டாண்டில் வைத்து அதன் மேல் கேமராவைத் திருகிவிட்டால், நட்சத்திரங்கள் போகும் வேகத்திலேயே அது கேமராவைத் திருப்பிக்கொண்டு போகும். அவ்வளவு நேரமும் வெளிச்சம் படத்தில் சேர்ந்துகொண்டே இருக்கும். கண்ணுக்குத் தெரியாததெல்லாம் தெரியும்.

அப்பா கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "இதுக்கு எதுக்கு மாப்பிள மெசினு? தலையத் தூக்கிப் பாத்தா தெரியத்தான செய்யுது" என்றார்.

மாமா சிரித்தார்.

அந்தப் பெட்டிக்கு ஒரு பிடிவாதம் உண்டு. வேலையைத் தொடங்குமுன் அதைத் துருவ நட்சத்திரத்துக்கு நேராக நிறுத்த வேண்டும். அதற்கென்று பெட்டியின் ஊடே ஒரு சிறிய குழல் போகும். குழலில் கண்ணை வைத்தால் உள்ளே ஒரு வட்டம் தெரியும். அந்த வட்டத்தின் கோட்டில் நட்சத்திரம் வந்து உட்கார வேண்டும். எங்கள் வீட்டு மொட்டைமாடியில் வடக்கே பார்த்தால் பக்கத்து வீட்டுத் தென்னைதான் வந்து உட்கார்ந்தது. பேச்சிப்பாறைக்குப் போனோம். அணைத் தண்ணீர் மேல் வானம் அழகாகத்தான் இருந்தது; வடக்கே மலை எழுந்து நின்றது. "நட்சத்திரம் மலைக்க அந்தப் பக்கம் கெடக்கு மக்கா" என்றார் மாமா. கடைசியில் அப்பாதான் அஞ்சுகிராமம் தாண்டி ஒரு தரிசு நிலத்தைச் சொன்னார். மரம் கிடையாது, மலை தூரத்தில் மேற்கே ஒதுங்கிவிடும். காற்றாலைகளின் சிவப்பு விளக்குகள் மட்டும் ஆங்காங்கே அணைந்து அணைந்து எரியும்.

எப்போதும் அப்பாதான் கார் ஓட்டினார். மஸ்கட்டில் வலது பக்கமாகப் போய்ப் பழகிவிட்டதால் இங்கே ஓட்டினால் எதிரே வருகிறவன் மேல் ஏற்றிவிடுவேன் என்று மாமா சொல்வார். எல்லோரும் சிரிப்போம். காரிலிருந்து இறங்கி நிலத்துக்குள் நடக்கும்போது அவர் கை என் தோளில் இருக்கும். கனமான கை. மாமாவுக்கு என் மேல் எவ்வளவு பிரியம் என்று எனக்குப் பெருமையாக இருக்கும்.

காற்றில் ஆடாமல் இருக்க மாமா ஸ்டாண்டின் கால்களை நீட்டாமல் தரையோடு தரையாக வைப்பார். நட்சத்திரமும் தாழ்வு என்பதால், குழலில் பார்க்க மண்ணில் கவிழ்ந்து படுக்க வேண்டும். "நீதான் குட்டியா இருக்க, ஒனக்குத்தான் அது முடியும்" என்று அந்த வேலையை எனக்குக் கொடுத்தார். நெற்றியில் ஒரு சிவப்பு விளக்கைக் கட்டிக்கொண்டு பக்கத்தில் குந்தியிருப்பார். எம் எழுத்து மாதிரி அஞ்சு நட்சத்திரம் இருக்கும், அதுக்கு வலது பக்கம் கீழே பார் என்று மனப்பாடமாகச் சொல்வார். நான் கண்டுபிடித்து, மேலே, இன்னும் கொஞ்சம் இடது என்று சொல்லச் சொல்ல, அவர் தடவித் தடவித் திருகுகளைத் திருப்புவார். முதல் தடவை அது வட்டக் கோட்டில் வந்து நின்றபோது நான் போட்ட சத்தத்தில் அப்பா காரிலிருந்து இறங்கி ஓடி வந்தார்.

அன்றைக்கு எடுத்த படத்தை நான் மறக்கவில்லை. கார்த்திகை மீன்கள் நீலப் புகைக்குள் இருந்தன. திருவாதிரை தணல் மாதிரி இருந்தது. அதைச் சுற்றி, வானத்தின் பாதியை வளைத்துக்கொண்டு, ஒரு சிவப்பு மேகம். நான் தலையைத் தூக்கிப் பார்த்தேன். மேலே அப்படி எதுவும் இல்லை. "அது மனுசக் கண்ணுக்குத் தெரியாதுட்டி" என்றார் மாமா. அவர் கேமராத் திரையை மூக்கில் இடிக்கிற அளவுக்குப் பக்கத்தில் பிடித்து, ஒவ்வொரு மூலையாக, வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அப்பா கொசுக்கடி தாங்காமல் ஹாரன் அடிக்க வேண்டியதாயிற்று.

இதற்குள் பெண் பார்த்து, நிச்சயமும் ஆகிவிட்டது. தக்கலைப் பக்கத்துப் பெண். கூட்டுறவு வங்கியில் வேலை. இனிமேல் அத்தை என்று கூப்பிட வேண்டும் என்று அம்மா எனக்குச் சொல்லித் தந்தாள். எனக்கு அந்த அத்தையைப் பிடித்துவிட்டது. பெண் பார்க்கப் போன இடத்தில் மாமா செல்போனில் காட்டிய படத்தைப் பார்த்து, மற்றவர்கள் மாதிரி நல்லாருக்கு என்று சொல்லித் திருப்பித் தராமல், "இதுல அகத்தியர் நட்சத்திரம் வருமா?" என்று கேட்டவள் அவள். அது தெற்கே இருக்கிறது, இன்னொரு நாள் எடுத்துக் காட்டுகிறேன் என்றார் மாமா.

அந்த இன்னொரு நாள் வந்தது. அத்தையையும் அவள் தம்பியையும் கன்னியாகுமரிக்குக் கூட்டிப்போனோம். சூரியன் மறைவதைப் பார்த்துவிட்டு, திரும்பும் வழியில் அஞ்சுகிராமத்துக்கு வண்டியைத் திருப்பினார் அப்பா. அம்மாவுக்கு இஷ்டமில்லை. கல்யாணம் நிச்சயமான பெண்ணை இருட்டில் பொட்டல் காட்டுக்குக் கூட்டிப்போவதா என்று முணுமுணுத்துக்கொண்டே வந்தாள். அங்கே போனதும், மெயின் ரோட்டில் போய் டீயும் ரசவடையும் வாங்கி வருகிறோம் என்று அப்பா கிளம்பினார். அம்மாவையும் அத்தையின் தம்பியையும் கூட அழைத்துக்கொண்டார். மாமாவும் அத்தையும் பேசிக்கொள்ள ஒரு வாய்ப்பு என்று நினைத்திருப்பார். காவலுக்கு நான் இருந்தேன்.

நான் என் வேலையை முடித்தேன். நட்சத்திரம் கோட்டில் உட்கார்ந்துவிட்டது. "அதயே பாத்துக்கிட்டுக் கெட மக்கா. கோட்டவிட்டு வெளிய போனா சொல்லு" என்றார் மாமா. அது வழக்கமில்லை. ஆனாலும் நான் கண்ணை எடுக்காமல் கிடந்தேன். பின்னால் அவர்கள் பேசுவது கேட்டது.

"ஒங்களுக்கிட்ட ஒரு காரியம் சொல்லணும். சொல்லாண்டாம்னு அக்கா சொல்லியிருக்கா."

அத்தை ஓரடி கிட்டே வரும் செருப்புச் சத்தம் கேட்டது.

"இப்ப ஒங்க மொகம் எனக்குத் தெரியல்ல" என்றார் மாமா.

"இருட்டுல்லா? எனக்குந்தான் ஒங்க மொகம் சரியாத் தெரியல்ல."

"அப்பிடி இல்ல. மேல நட்சத்திரம் தெரியுதா ஒங்களுக்கு?"

"தெரியுது. எக்கச்சக்கமா இருக்கு."

"எனக்கு ஒண்ணுகூடத் தெரியாது. சின்னப்பிள்ளையில பாத்தது. இப்ப இதுல எடுத்துப் பாத்தாத்தான் எனக்குத் தெரியும்."

இதில் என்ன ரகசியம் என்று எனக்குத் தோன்றியது. சிவப்பு மேகத்தைப் பற்றித்தானே சொல்கிறார்? தரையில் கிடந்தபடியே நான் உரக்கச் சொன்னேன்: "எனக்குந்தான் தெரியாது! அது மனுசக் கண்ணுக்குத் தெரியாதுன்னு நீங்கதான மாமா சொன்னிய?"

பிறகு மாமாவின் குரல் தாழ்ந்துவிட்டது. காற்றில் எனக்கு எதுவும் கேட்கவில்லை. வெகுநேரம் கழித்து அத்தை சொன்னது மட்டும் கேட்டது.

"எங்க வீட்ல யாருட்டயும் சொல்லாண்டாம். எனக்குத் தெரிஞ்சாப் போதும்."

எங்களுக்கெல்லாம் தெரியாமல் ஏதோ பரிசு வாங்கி வந்திருக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். கழுத்துச் சங்கிலியாக இருக்கும் என்றுகூட யூகித்தேன்.

கார் விளக்கு தூரத்தில் தெரிந்தபோதுதான் மாமாவுக்குப் படம் ஞாபகம் வந்தது. அவசர அவசரமாகக் கேமராவைத் தெற்கே திருப்பி, பொத்தானை அழுத்தினார். நாங்கள் எல்லோரும் டீயைக் குடித்துக்கொண்டு காத்திருந்தோம். திரையில் படம் வந்தது. அகத்தியர் ஒரு கோடாக இழுத்திருந்தார். சுற்றியிருந்த நட்சத்திரங்கள் எல்லாமே கோடுகள். யாரோ விரலால் துடைத்துவிட்ட மாதிரி இருந்தது.

"என்னலே இப்பிடி வந்திருக்கு?" என்றாள் அம்மா.

"இன்னைக்கு சரியில்லக்கா. இன்னொரு நாள் எடுப்போம்" என்று மாமா பெட்டியைக் கழற்றத் தொடங்கினார்.

யாரும் என்னை ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் நட்சத்திரத்தைப் பிடித்துக் கொடுத்தவள் நான். ரசவடையைக் கடிக்காமல் தாளிலேயே திரும்பச் சுற்றி வைத்தேன்.

மறுநாள் காலையில் மாமா அப்பாவைக் கூட்டிக்கொண்டு தக்கலைக்குப் போனார். ஏன் என்று யாரும் சொல்லவில்லை. மதியம் திரும்பி வந்தவர்களிடம் அம்மா போட்ட சண்டை தெருவுக்குக் கேட்டிருக்கும். அவளே சம்மதிச்ச பொறவு ஒனக்கு எதுக்குலே இந்த வேலை என்று திரும்பத் திரும்பக் கேட்டாள். ஒரு வாரம் கழித்துத் தக்கலையிலிருந்து ஆள் வந்தது. வந்தவர் மரியாதையாகக் காபி குடித்துவிட்டு, தாழ்ந்த குரலில் சொன்னார்: "நட்சத்திரம் சரியா அமையல்லியாம். நீங்க மனசுல ஒண்ணும் வச்சுக்கிடப்பிடாது."

அடுக்களை வாசலில் நின்ற எனக்கு அது நன்றாகக் கேட்டது. நட்சத்திரம் சரியாக அமையவில்லை. அன்றிரவு காய்ச்சல் வந்து படுத்துவிட்டேன். அத்தை என்ற சொல்லை இனி வாயில் எடுக்கக் கூடாது என்று அம்மா சொன்னபோது, அதுவும் எனக்கான தண்டனை என்றே எடுத்துக்கொண்டேன்.

நடந்ததை அம்மா எனக்குச் சொன்னபோது நான் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தேன். மாமாவுக்கு விழித்திரை கொஞ்சம் கொஞ்சமாக மங்கும் நோய். முதலில் இருட்டில் பார்வை போகும். பிறகு ஓரங்கள் போகும். கடைசியில் குழலுக்குள் பார்ப்பது மாதிரி நடுவில் மட்டும் கொஞ்சம் மிஞ்சும், மிஞ்சாமலும் போகலாம். மஸ்கட் டாக்டர் சொன்னது அவருக்கும் அம்மாவுக்கும் மட்டும்தான் தெரியும். கல்யாணம் முடிந்த பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்றிருந்தாள் அம்மா. அந்தப் பெண் மறைக்கச் சம்மதித்தாள். ஆனால் தன் பொருட்டு அவள் பெற்றவர்களிடம் காலமெல்லாம் பொய் சொல்ல வேண்டியிருக்கும் என்பது மாமாவுக்குப் பொறுக்கவில்லை; மறுநாளே போய் அவர்களிடம் சொல்லிவிட்டார். அவளுடைய அப்பாவையும் குறை சொல்ல முடியாது. ஊருக்கு ஜாதகத்தைக் காரணமாகச் சொல்லி, மாமாவின் கண்ணைப் பற்றி வெளியே மூச்சு விடாமல் காப்பாற்றியவர் அவர்தான்.

"அன்னைக்கு நான் அவன அப்பிடி ஏசியிருக்கப்பிடாது" என்றாள் அம்மா. அந்தப் பெண்ணுக்கு அப்புறம் மூன்று வருடம் எந்த வரனும் பிடிக்கவில்லையாம். பிறகு கோயம்புத்தூரில் கட்டிக்கொடுத்தார்கள். மாமா கட்டிக்கொள்ளவில்லை. இப்போது எங்கள் வீட்டில்தான் இருக்கிறார். பகலில் தெருமுனை வரை தனியாகப் போய்வருவார். சாயங்காலமானால் வீட்டுக்குள் வந்துவிடுவார். விடுமுறையில் போகும்போது, நான் எடுத்த வானப் படங்களைப் பெரிய திரையில் போட்டுக் காட்டினால், வழக்கம்போல ஒவ்வொரு மூலையாகப் பார்ப்பார். ஒரு படத்துக்கு முன்பைவிட அதிக நேரம் ஆகிறது.

அந்தத் தடவை லீவு முடிந்து அவர் மஸ்கட்டுக்குத் திரும்பிய நாளில் திருவனந்தபுரம் விமான நிலையத்துக்கு நானும் போயிருந்தேன். நல்ல வெயில். அம்மா அவரோடு பேசாமல் தூரத்தில் நின்றாள். அப்பா பெட்டிகளைத் தள்ளுவண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தார். நான் மாமாவின் சட்டையைப் பிடித்து இழுத்தேன். அதுவரை யாரிடமும் கேட்காததை அவரிடம் கேட்டேன்.

"நட்சத்திரத்த நான் சரியாப் பாக்காததுனாலதான மாமா கல்யாணம் நின்னு போச்சு?"

மாமாவுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் அங்கேயே, ஆள் போய்வருகிற நடைபாதையில், எனக்கு முன்னால் குந்தினார். என் முகத்தை நேரே பார்ப்பதற்காகத் தலையை இப்படியும் அப்படியும் லேசாகத் திருப்பினார்.

"நீ சரியாத்தான் பாத்த மக்கா. நான்தான் மெசின் சுவிட்சப் போடல்ல. மறந்துட்டேன்."

நான் நம்பவில்லை. மாமா எதையும் மறக்கிறவர் இல்லை. என்னைச் சமாதானப்படுத்தப் பொய் சொல்கிறார் என்று எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது. அவர் எழுந்து, சுவரோரமாகக் கையை வைத்துக்கொண்டு உள்ளே போனார். அதுவரை அசையாமல் நின்ற அம்மா, திரும்பி வரும் வழியில் களியக்காவிளை தாண்டுகிறவரை முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள். ஒரு படம் கெட்டுப்போனதற்கு இப்படியா அழுவார்கள் என்று நினைத்துக்கொண்டு, நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.